மரவள்ளி இலையும் செயற்கை நுண்ணறிவும்: ஆராய்ச்சிசாலை உதவியாளரின் வேலை

கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள யுகாண்டா தேசத்தின் தலைநகராகிய கம்பாலாவில் மாக்கரேரே சர்வகலாசாலை என்ற பெரிய வித்தியா ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது. 1922-ஆம் வருஷத்தில் சிறியதொரு கைத்தொழிற் பள்ளியாக ஆரம்பிக்கப்பட்ட அந்த ஸ்தாபனத்தில் இன்று செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிசாலை ஒன்று நடைபெற்று வருகிறது. மனிதன் கண்ணால் பார்த்து நிதானித்துச் சொல்லும் முடிவுகளை, ஏராளமான உதாரணங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது இச்சாஸ்திரத்தின் முக்கியமான கிளைகளுள் ஒன்றாகும். மரவள்ளி இலையின் படத்தைக் கொண்டு செடிக்கு வந்திருக்கும் வியாதி இன்னதென்று யந்திரமே சொல்லும்படி செய்வது அந்த ஆராய்ச்சிசாலை மேற்கொண்ட வேலைகளுள் ஒன்று.

சேலம், நாமக்கல், தருமபுரி ஜில்லாக்களில் மரவள்ளி பயிரிட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு அனுப்பும் குடியானவர்களும் இவ்விஷயத்தை அறிந்துகொள்வது நலம். இத்தகைய ஆராய்ச்சிசாலையில் உதவியாளராக இருப்பவர் செய்யும் வேலை என்ன, அவ்வேலையில் நேரும் குறை குடியானவனுடைய நிலத்தில் என்ன விளைவை உண்டாக்கும், கைப்பேசி சொல்லும் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை கீழே விவரிக்கப்படுகின்றன.

பயிரும் அதன் வியாதிகளும்

மரவள்ளி தென் அமெரிக்காவைப் பூர்விகமாக உடையது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதனை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். வறட்சியைத் தாங்கி, இளைத்த நிலத்திலும் விளைந்து, வேண்டியபோது தோண்டிக்கொள்ளும்படி மண்ணுக்குள்ளேயே இருக்கக்கூடிய கிழங்காகையால், அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அது பஞ்சகாலத்துக் களஞ்சியம் போல இருந்து வருகிறது.

இப்பயிரை அங்கு முக்கியமாக இரண்டு வைரஸ் வியாதிகள் வாட்டுகின்றன. முதலாவது தேமல் நோய். இதை 1894-ஆம் வருஷத்தில் வார்பர்க் என்ற ஜெர்மானிய சாஸ்திரி கிழக்கு ஆப்பிரிக்காவில் முதன்முதலாக விவரித்தார். இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறி, சுருண்டு, சிறுத்துப்போவது இதன் அடையாளம். 1990-களில் இந்நோயின் கொடிய வகையொன்று யுகாண்டா முழுவதும் பரவியபோது பல பிரதேசங்களில் குடியானவர்கள் மரவள்ளி சாகுபடியையே கைவிட நேர்ந்தது. இரண்டாவது பழுப்புக் கீற்று நோய். 1936-ஆம் வருஷத்தில் ஸ்டோரி என்பவர் இதனை விவரித்தார். நெடுங்காலம் கடற்கரையை அடுத்த தாழ்ந்த பிரதேசங்களிலேயே பெரும்பாலும் காணப்பட்டுவந்த இந்நோய், 2004-ஆம் வருஷம் முதல் யுகாண்டாவின் உயர்ந்த பிரதேசங்களிலும் பரவலாயிற்று.

இவ்விரண்டு வியாதிகளும் வெள்ளை ஈயினாலும், நோயுள்ள செடியிலிருந்து எடுத்து நடும் கரணைகளாலும் பரவுகின்றன. இவையன்றி, சிலந்திப் பேன் என்னும் நுண்ணிய பூச்சியும், பாக்டீரியாவினால் உண்டாகும் கருகல் நோயும் அப்பயிருக்குச் சேதம் விளைவிக்கின்றன. பேன் உறிஞ்சிய இளம் இலையில் தோன்றும் மஞ்சட் புள்ளிகள் தேமலைப் போலவே தோற்றமளிப்பதால் பழகிய கண்ணும் சில சமயங்களில் ஏமாறும். வியாதி வேறாயின் பரிகாரமும் வேறாகும். பேனுக்கு மழையும் இயற்கையான எதிரிப் பூச்சிகளும் ஓரளவு பரிகாரமாக அமைகின்றன. தேமல் கண்ட செடியைப் பிடுங்கி அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகையால் வியாதியின் பெயரைச் சரியாகச் சொல்லுவது சிகிச்சையின் முதற்படியாகும்.

ஆராய்ச்சி ஏற்பட்ட காரணம்

யுகாண்டாவில் மரவள்ளி வியாதிகளின் நிலையை அறிய நிபுணர்கள் குறிப்பிட்ட காலங்களில் ஊரூராகச் சென்று வயல்களைப் பார்வையிடுவது வழக்கம். பெரிய சாலைகளை ஒட்டி, குறிப்பிட்ட தூரத்திற்கு ஒரு வயலாகத் தேர்ந்தெடுத்து, அவ்வயலின் மூலைவிட்டங்களின் வழியே நடந்து சுமார் 30 செடிகளைப் பரிசோதிப்பார்கள். ஒவ்வொரு செடியின் உச்சியிலுள்ள 5 இலைகளில் வெள்ளை ஈக்களை எண்ணுவார்கள். வியாதியின் கடுமையை 1 முதல் 5 வரை எண்ணிட்டுக் குறிப்பார்கள். நோயற்ற செடிக்கு 1; மிகவும் பாதிக்கப்பட்ட செடிக்கு 5.

இம்முறை நல்ல முறையே. ஆயினும் நிபுணர்கள் சிலரே உள்ளனர், வயல்களோ பல. பிரயாணச் செலவும் அதிகம். ஓரிடத்தில் தோன்றிய வியாதியின் செய்தி தலைமை நிலையத்தை எட்டுவதற்குள் வெள்ளை ஈ அடுத்த பிரதேசத்தை எட்டிவிடும். குடியானவன் கையிலுள்ள கைப்பேசியைக் கொண்டே இலையைப் படமெடுத்து, நிபுணன் சொல்லக்கூடியதை யந்திரத்தைச் சொல்லச் செய்தால் இக்குறை நீங்குமென்று ஜான் குவின், எர்னஸ்ட் ம்வெபாஸே முதலிய மாக்கரேரே ஆராய்ச்சியாளர்கள் கருதினர். தேமல் நோயை இலைப் படத்திலிருந்து கண்டறியும் முயற்சியைப் பற்றி 2010-ஆம் வருஷத்திலேயே அவர்கள் கட்டுரை வெளியிட்டனர். பயிர் விஷயத்தில் அவர்களுக்கு உறுதுணையாக இருந்தது நாமுலோங்கேயில் உள்ள தேசீயப் பயிர் ஆராய்ச்சி ஸ்தாபனம்.

உதவியாளர் செய்யும் வேலை

செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி என்றவுடன், குளிர்ந்த அறையொன்றில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதே வேலை என்று பலர் எண்ணுகின்றனர். பயிர் சம்பந்தமான ஆராய்ச்சியில் அவ்வாறு உட்காருவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகளே அதிகம். உதவியாளரின் கடமைகளை ஆறு பகுதிகளாகப் பிரித்துக் கூறலாம்.

1. படம் சேகரித்தல். வெவ்வேறு பிரதேசங்களில், வெவ்வேறு ரகங்களில், இளம் செடியிலும் முற்றிய செடியிலும், காலையிலும் மாலையிலும், வெயிலிலும் மேகமூட்டத்திலும் படங்கள் எடுக்கப்பட வேண்டும். ஒரே வயலில் ஆயிரம் படங்கள் எடுப்பதைவிட, நூறு வயல்களில் பத்துப் பத்துப் படங்கள் எடுப்பது மேலானது. யுகாண்டாவில் குடியானவர்களே தங்கள் கைப்பேசியால் எடுத்தனுப்பிய படங்களும் உபயோகிக்கப்பட்டன.

2. சலித்தெடுத்தல். மங்கலான படம், கை ஆடிய படம், ஒரே இலையை இருமுறை எடுத்த படம், இலையே இல்லாத படம் ஆகியவற்றை நீக்கவேண்டும். விதைநெல்லில் பதரையும் கலப்பையும் நீக்குவது போன்ற வேலை இது. சலிப்பைத் தருவதாயினும், இதில் காட்டும் அசிரத்தை பின்னால் எந்தச் சாமர்த்தியத்தாலும் திருத்த முடியாததாகிவிடும்.

3. பெயரிடுதல். ஒவ்வொரு படத்திற்கும் ‘தேமல்’, ‘பழுப்புக் கீற்று’, ‘சிலந்திப் பேன்’, ‘கருகல்’, ‘நோயற்றது’ என்று பெயர்ச்சீட்டு இடவேண்டும். இதை உதவியாளர் தம் மனம்போனபடி செய்துவிட முடியாது. பயிர் வியாதி நிபுணரைக் கொண்டே செய்விக்க வேண்டும். 2019-ஆம் வருஷத்தில் மாக்கரேரே ஆராய்ச்சிசாலையினர் உலகத்தாரின் உபயோகத்திற்கென்று வெளியிட்ட தொகுப்பில், நிபுணர்கள் பெயரிட்ட படங்கள் 9,436. பெயரிடப்படாத படங்கள் 12,595. படமெடுப்பது எவ்வளவு எளிது, பெயரிடுவது எவ்வளவு அரிது என்பதற்கு இவ்விரண்டு எண்களே சாட்சி.

4. பிரித்து வைத்தல். படங்களில் பெரும்பகுதியை யந்திரத்தின் பயிற்சிக்கென்றும், சிறு பகுதியைப் பரீட்சைக்கென்றும் ஒதுக்கவேண்டும். பரீட்சைக்குரிய படத்தை யந்திரம் முன்னதாகப் பார்த்திருத்தல் கூடாது. ஒரே செடியின் ஓர் இலை பயிற்சியிலும் மற்றோர் இலை பரீட்சையிலும் இருந்தால், வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த மாணவன் தேறியது போல யந்திரமும் தேறிவிடும். அந்தத் தேர்ச்சி வயலில் உதவாது.

5. பயிற்சி கொடுத்தல். யந்திரத்திற்குள் கோடிக்கணக்கான எண்கள் இருக்கின்றன. ஒரு படத்தைக் காட்டினால், படத்திலுள்ள நிறப்புள்ளிகளை அவ்வெண்களால் பெருக்கிக் கூட்டி, அது ஒரு பெயரை ஊகிக்கும். ஊகம் பெயர்ச்சீட்டுடன் ஒவ்வாவிடில், அடுத்த முறை பிழை குறையும்படி அவ்வெண்கள் சிறிது சிறிதாக மாற்றப்படும். இவ்வாறு எல்லாப் படங்களையும் பலமுறை காட்டவேண்டும். மரவள்ளியைக் காட்டுவதற்கு முன்பே, நாய், பூனை, வண்டி, நாற்காலி முதலிய பல்லாயிரம் பொருள்களின் படங்களைக் கொண்டு பழக்கிய யந்திரத்தை வாங்கி, அதன்மேல் மரவள்ளிப் பாடத்தை ஏற்றுவது இப்பொழுது பெருவழக்காக இருக்கிறது. அதனால் சில ஆயிரம் இலைப் படங்களே போதுமானவையாகின்றன. 2017-ஆம் வருஷத்தில் டான்சானியாவில் எடுத்த 2,756 மரவள்ளிப் படங்களைக் கொண்டு இம்முறையில் செய்த பரிசோதனையில் யந்திரம் நூற்றுக்கு 93 வரை சரியாகச் சொல்லிற்று.

6. பிழைகளை ஆராய்தல். யந்திரம் தவறிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எதுவென்று மயங்கிற்று, ஏன் மயங்கிற்று என்று உதவியாளர் குறிப்பெழுத வேண்டும். சில சமயம் யந்திரம் சரியாகவே சொல்லியிருக்கும். பெயர்ச்சீட்டே தவறாக இருக்கும். அப்பொழுது படம் மீண்டும் நிபுணரிடம் செல்லவேண்டும். என்றைக்கு எந்தப் படங்களைக் கொண்டு எம்முறையில் பயிற்சி நடந்தது என்பதை நாள்தோறும் குறித்து வைப்பதும் அவர் பொறுப்பே. குறிப்பில்லாத பரிசோதனையை இன்னொருவர் மறுபடி செய்து பார்க்க இயலாது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

இத்துறையில் உள்ள ஒரு பெரிய அபாயத்தை எடுத்துக்காட்டச் சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம் போதும். 2016-ஆம் வருஷத்தில் மொஹந்தி, ஹியூஸ், ஸலாத்தே என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 14 பயிர்களையும் 26 வியாதிகளையும் சேர்ந்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு யந்திரத்தைப் பழக்கினர். ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் கொண்டு பரீட்சித்தபோது நூற்றுக்கு 99.35 விடைகள் சரியாக இருந்தன. இச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

அந்த ஆராய்ச்சியாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. வேறு இடங்களில், வேறு நிலைமைகளில் எடுக்கப்பட்ட படங்களை அதே யந்திரத்திற்குக் காட்டினர். சரியான விடைகள் நூற்றுக்குச் சுமார் 31 ஆகக் குறைந்துவிட்டன. இந்த எண்ணையும் அவர்கள் மறைக்காமல் அதே கட்டுரையில் வெளியிட்டனர்.

இதற்குக் காரணம் என்ன? பயிற்சிக்கு உபயோகித்த இலைகள் செடியினின்று பறிக்கப்பட்டு, ஒரே நிறமான தாளின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் படமெடுக்கப்பட்டவை. வயலிலோ இலைமேல் இலை கிடக்கிறது, நிழல் விழுகிறது, மண்ணும் களையும் பின்னால் தெரிகின்றன. மேலும் 2022-ஆம் வருஷத்தில் நோயன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார். அத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு படத்திலும் பின்னணியிலிருந்து 8 நிறப்புள்ளிகளை மாத்திரம் எடுத்து, இலையையே காட்டாமல் யந்திரத்தைப் பழக்கினார். அது நூற்றுக்கு 49 விடைகளைச் சரியாகச் சொல்லிற்று. அத்தொகுப்பிலுள்ள 38 வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால் நூற்றுக்கு 3 கூடச் சரியாக வராது. ஆகவே வியாதிக்கு வியாதி தாளின் நிறமும் வெளிச்சமும் சிறிது வேறுபட்டிருக்க, யந்திரம் இலையைப் படிப்பதற்குப் பதிலாகத் தாளைப் படித்துத் தேறக்கூடும் என்பது தெளிவாயிற்று.

ஆராய்ச்சிப் பண்ணையின் பாத்தியில் கண்ட மகசூல் குடியானவனுடைய நிலத்தில் அப்படியே கிடைப்பதில்லை என்பது விவசாய இலாகாவினர் யாவரும் அறிந்தது. அதனாலேயே புதிய ரகம் எதுவும் பல ஊர்களில் குடியானவர்களின் நிலத்திலேயே பயிரிட்டுப் பார்த்தபிறகுதான் சிபார்சு செய்யப்படுகிறது. யந்திரத்திற்கும் விதி அதுவேயாம். படமெடுக்கச் சென்ற உதவியாளர், வெயிலுக்கு அஞ்சி இலைகளைப் பறித்துவந்து மேஜைமேல் வைத்துப் படமெடுப்பாராகில், ஆராய்ச்சிசாலையில் மிக உயர்ந்த எண் கிடைக்கும். குடியானவனுக்கு அதனால் பயனில்லை.

எண்ணிக்கையில் உள்ள மயக்கம்

2020-ஆம் வருஷக் கடைசியில் மாக்கரேரே ஆராய்ச்சிசாலையினரின் மரவள்ளிப் படங்களைக் கொண்டு உலகளாவிய போட்டியொன்று நடத்தப்பட்டது. பயிற்சிக்கு அளிக்கப்பட்ட 21,397 படங்களின் விவரம் வருமாறு:

தேமல் நோய்: 13,158
நோயற்ற இலை: 2,577
சிலந்திப் பேன்: 2,386
பழுப்புக் கீற்று நோய்: 2,189
பாக்டீரியா கருகல்: 1,087

இவ்வட்டவணையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு விஷயம் புலப்படும். ஒன்றையுமே கற்றுக்கொள்ளாத யந்திரம், எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘தேமல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் நூற்றுக்கு 61 சரியாகிவிடும். போட்டியில் முதலிடம் பெற்றவர்களின் யந்திரம் நூற்றுக்குச் சுமார் 91 சரியாகச் சொல்லிற்று. இந்த 91-ஐப் பூஜ்யத்துடன் ஒப்பிடாமல் 61-உடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம். மேலும், மொத்தத்தில் 91 என்பதனால் ஒவ்வொரு வியாதியிலும் 91 என்று ஏற்படாது. அருகிய வியாதியில் யந்திரம் அடிக்கடி தவறிய போதிலும் மொத்த எண் உயர்ந்தே நிற்கும். ஆகையால் ஒழுங்கான உதவியாளர் மொத்தக் கணக்கோடு நில்லாமல், வியாதிவாரியாகக் கணக்கிட்டுத் தனித்தனியே காட்டுவார்.

இரண்டுவிதப் பிழைகள்

யந்திரம் செய்யும் பிழைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. நோயற்ற செடியை நோயுள்ளதென்று சொன்னால் குடியானவன் ஒரு நல்ல செடியைப் பிடுங்கி எறிவான். நஷ்டம் ஒரு செடியளவே. நோயுள்ள செடியை நோயற்றதென்று சொன்னால் அவன் அதிலிருந்து கரணை எடுப்பான். ஒரு செடிக்கு 10 கரணைகள் என்று வைத்துக்கொண்டால், இவ்வாறு தவறிய 50 செடிகளிலிருந்து அடுத்த வருஷம் 500 நோயுள்ள செடிகள் நடப்படும். அவற்றின்மேல் அமரும் வெள்ளை ஈ பக்கத்து நிலங்களுக்கும் நோயைக் கொண்டுசெல்லும். கரணையை அயலாருக்கு விற்றாலோ ஊரே பாதிக்கப்படும்.

இவ்வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் தானாக அறியாது. அதற்கு இரண்டு பிழைகளும் ஒரே எண்ணிக்கைதான். எந்தப் பிழை அதிகக் கேடு விளைவிக்கும் என்பதை யந்திரத்தின் கணக்கில் சேர்ப்பது மனிதனுடைய வேலை. அதைச் செய்ய உதவியாளருக்குக் கணிதம் மட்டும் தெரிந்திருந்தால் போதாது; கரணை எப்படி எடுக்கப்படுகிறது, எவ்விதமாகக் கைமாறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாக்கரேரே ஆராய்ச்சிசாலை நாமுலோங்கேப் பயிர் நிபுணர்களுடன் சேர்ந்து வேலை செய்ததன் சிறப்பு இதில்தான் விளங்குகிறது.

வயலில் கண்ட பலன்

அமெரிக்காவில் உள்ள பென்ஸில்வேனியா ராஜ்ய சர்வகலாசாலையினரும், வெப்பமண்டல விவசாயத்திற்கான சர்வதேச ஸ்தாபனத்தாரும் சேர்ந்து ‘நூரு’ என்ற கைப்பேசிச் சாதனமொன்றைத் தயாரித்தனர். ஸ்வாஹிலி மொழியில் இச்சொல்லுக்கு ஒளி என்று பொருள். இன்டர்நெட் தொடர்பு இல்லாத வயலிலும் இது வேலை செய்யும். இதைப்பற்றி 2020-ஆம் வருஷத்தில் வெளியான பரிசோதனையின் முடிவுகள் கவனிக்கத்தக்கவை. மரவள்ளி வியாதிகளின் அடையாளங்களைச் சரியாகக் கண்டறிந்ததில் குடியானவர்கள் நூற்றுக்கு 18 முதல் 31 வரையிலும், விவசாய விஸ்தரிப்பு ஊழியர்கள் 40 முதல் 58 வரையிலும், நூரு 65-ம் பெற்றனர். ஒரே இலையைப் பார்ப்பதற்குப் பதிலாகச் செடிக்கு 6 இலைகள் வீதம் பார்த்தபோது நூருவின் எண் 74 முதல் 88 வரை உயர்ந்தது.

இம்முடிவிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். யந்திரம் வயலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அல்ல. ஆயினும் பழக்கமில்லாத கண்ணைவிட மேலான துணையாகும் என்பது முதலாவது. ஓர் இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் செடி முழுவதையும் பார்க்கவேண்டும் என்ற பழைய விதி யந்திரத்திற்கும் பொருந்துகிறது என்பது இரண்டாவது. விஸ்தரிப்பு ஊழியர்கள் இந்த எண்களைக் கண்டு மனம் வருந்த வேண்டியதில்லை. தங்கள் கண்ணுக்குப் பயிற்சி தேவையென்பதை அறிந்து, நல்ல படங்களைக் கொண்டு தாங்களும் பயில்வதே தக்கது.

படத்தில் தெரியாத வியாதி

இலையில் இல்லாததை இலையின் படம் காட்டாது. பழுப்புக் கீற்று நோயில் மேல் இலைகள் செழிப்பாகவே இருக்கலாம். கீழே முற்றிய இலைகளில் நரம்பை ஒட்டிய மஞ்சள் நிறம் சிறிதளவே தோன்றும். அறுவடை காலத்தில் தோண்டிக் கிழங்கை வெட்டிப் பார்க்கும்போதுதான், உள்ளே தக்கை போன்று உலர்ந்த பழுப்பு நிற அழுகல் காணப்படும். அவ்வருஷத்து உழைப்பு முழுவதும் வீணாயிற்று என்பதைக் குடியானவன் அறிவது அப்பொழுதே.

இதனை உத்தேசித்து மாக்கரேரே ஆராய்ச்சியாளர்கள் வேறு வழிகளிலும் முயன்றனர். இலையினின்று திரும்பும் ஒளியை அலைநீள வாரியாக அளந்து, அடையாளம் கண்ணுக்குத் தெரியுமுன்பே நோயை அறியும் பரிசோதனை அவற்றுள் ஒன்று. வெட்டிய கிழங்கின் படத்திலிருந்து அழுகலின் அளவைக் கணக்கிடுவதும், இலையின் படத்திலிருந்து வெள்ளை ஈக்களை எண்ணுவதும் 2020-ஆம் வருஷத்தில் வெளியான கட்டுரைகளில் விவரிக்கப்பட்டன. வெள்ளை ஈயை வயலில் கையால் எண்ணுவது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது, இலையைத் தொட்டவுடன் அவை பறந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சேலத்து மரவள்ளிக்கு இது பொருந்துமா?

இந்தியாவில் மரவள்ளித் தேமலை உண்டாக்குபவை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்னும் இரண்டாகும். இவை ஆப்பிரிக்க வைரஸ்களினின்று வேறானவை. சாகுபடியில் உள்ள ரகங்களும், மண்ணும், வெயிலும் வேறு. யுகாண்டாவில் எடுத்த படங்களால் பழக்கிய யந்திரம் சேலத்து இலையைச் சரியாகப் படிக்கும் என்று பரீட்சியாமல் நம்புதல் கூடாது. தாளின்மேல் வைத்த இலைக்கும் வயலில் உள்ள இலைக்கும் இடையே 99-க்கும் 31-க்கும் உள்ள வித்தியாசம் ஏற்பட்டதை நினைவிற்கொள்ள வேண்டும். இப்பிரதேசத்து வயல்களில் எடுத்து, இப்பிரதேசத்து நிபுணர்கள் பெயரிட்ட படங்களே இங்கு வேண்டப்படுவன. சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகார்யத்தில் 1963-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி ஸ்தாபனமும் மரவள்ளி நிபுணர்களை உடைய இடங்களாகும்.

விவசாயக் கல்லூரிகளில் பட்டமோ டிப்ளமாவோ பெற்ற இளைஞர்கள், செயற்கை நுண்ணறிவு தங்களுக்குச் சம்பந்தமில்லாத துறையென்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கற்றவர்கள் பலர் கிடைப்பர். தேமலையும் பேனையும் வயலில் நின்று பிரித்தறியக்கூடியவர்கள் சிலரே. அத்திறமை உடையவர் இத்தகைய ஆராய்ச்சிசாலையில் உதவியாளராகச் சேர்ந்தால் வேலையின் மிக முக்கியமான பகுதி அவரால் நிறைவேறும்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

கைப்பேசியின் உதவியால் வியாதியை அறிய விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்:

1. ஓர் இலையின் படத்தைக் கொண்டு முடிவு செய்யற்க. ஒரு செடியில் மேல், நடு, கீழ்ப் பாகங்களிலிருந்து குறைந்தது 6 இலைகளைப் பரிசோதிக்கவும்.

2. இலையைப் பறிக்காமல், செடியில் இருக்கும்போதே, நல்ல வெளிச்சத்தில், கை ஆடாமல் படமெடுக்கவும். இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்கவும். பேனும் வெள்ளை ஈயும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

3. கைப்பேசி ‘நோயில்லை’ என்று சொன்னதை மாத்திரம் நம்பிக் கரணைக்குச் செடி தேர்ந்தெடுத்தல் கூடாது. பயிர் நிற்கும்போதே பலமுறை பார்வையிட்டு, தேமல் அடையாளம் ஒருபோதும் காணாத செடிகளைக் குறியிட்டு வைத்து, அவற்றிலிருந்தே கரணை எடுக்கவும்.

4. நட்ட சில வாரங்களுக்குள் தேமல் கண்ட செடிகளைப் பிடுங்கி நிலத்தைவிட்டு அப்புறப்படுத்தவும். அவ்விடத்தில் நோயற்ற கரணையை நடவும்.

5. தேமலை எதிர்க்கும் ரகங்களைப் பற்றி ஆராய்ச்சி நிலையத்தாரிடம் விசாரித்து அறியவும். ஸ்ரீ பத்மநாபா என்பது அத்தகைய ரகங்களுள் ஒன்று.

6. யந்திரம் சொன்னது கண்ணுக்குத் தெரிவதோடு ஒவ்வாவிடில், அந்தப் படத்தை அழித்துவிடாமல் பாதுகாத்து விவசாய அதிகாரியிடம் காட்டவும். யந்திரம் தவறிய படம் ஆராய்ச்சி செய்வோருக்கு மிகவும் பிரயோஜனமானது.

7. ‘நூற்றுக்கு இத்தனை சரியாகச் சொல்லும்’ என்று விளம்பரம் செய்யப்படும் எந்தச் சாதனத்தைக் குறித்தும், அந்த எண் எந்த ஊரில், எந்த ரகத்தில், யாருடைய வயலில் கிடைத்தது என்று கேட்கவும். விற்பவர் இதற்குத் தெளிவான பதில் சொன்னாலன்றி அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.